முதல் மணி நேரத்து ஃபலாஃபல்

எங்கள் அத்தான் தட்டைத் திருப்பிக் கொடுப்பதில் பேர்போனவர். நாமெல்லாம் காசு கொடுத்துத் தொலைத்தோமே என்று வாயை மூடிக்கொண்டு தின்றுவிட்டு வருவோம். அவர் ஒரு வாய் கடிப்பார், மெல்வார், தட்டைக் கடைக்காரர் முன்னால் வைப்பார். "உப்பு ஒரு சிட்டிகை தூக்கல். அடுத்த ஈடு போடும்போது கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றுகொள்வார். சண்டை போட மாட்டார், காசைத் திருப்பிக் கேட்கவும் மாட்டார். அவருடன் தெருவில் சாப்பிடப் போனாலே எனக்கு மானம் போகும்.

அக்காவைக் கட்டிக்கொண்டபோது அவர் தண்ணீர் மீட்டர் கணக்கெடுப்பவராக இருந்தார். இருபத்தாறு வருடம் அதே வேலை. தெருத் தெருவாக நடப்பார், வாசலில் குனிந்து இரும்பு மூடியைத் தூக்குவார், எண்ணைக் குறித்துக்கொள்வார், அடுத்த வாசலுக்குப் போவார். அப்படி நடந்த நடையில் ஊரில் எந்த முனையில் எந்தத் தள்ளுவண்டி நிற்கிறது, எவர் எந்தக் கிழமையில் எண்ணெய் மாற்றுகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நான் வாஷிங்மெஷின் மெக்கானிக். நானும் ஊரைச் சுற்றுகிறவன்தான். ஆனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் எந்த வீட்டு நாய் கடிக்கும் என்பது மட்டும்தான்.

அவருக்கு உயிர் ஃபலாஃபல். அதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஊறவைத்த கொண்டைக்கடலையைப் பச்சையாகவே அரைத்து, கொத்துமல்லித் தழை, பூண்டு, சீரகம் சேர்த்து, உருட்டி எண்ணெயில் போடுவது. பச்சையாக அரைப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கடலையை வேகவைத்தால் உருண்டை எண்ணெயில் கரையும். கரையாமல் இருக்க மைதாவைக் கொட்டுவார்கள். பிறகு வாயில் போட்டால் பிசைந்த மாவுதான். நல்ல ஃபலாஃபலை உடைத்தால் உள்ளே பச்சைப் பசேலென்று இருக்க வேண்டும், ஆவி வர வேண்டும், மேல் ஓடு பல்லில் சத்தம் போட வேண்டும். "அதுக்கு ஆயுசு இருபது நிமிஷம்தான் மாப்ள. அதுக்குள்ள தின்னுடணும்" என்பார்.

ஐம்பத்து மூன்று வயதில் அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் சொல்லிவைத்தாற்போல் வேலையை நிறுத்திவிட்டன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். கையில் தடியாக இரண்டு ஊசி. ஒன்றின் வழியாக ரத்தம் வெளியே போய் மெஷினில் கழுவப்பட்டு, மற்றொன்றின் வழியாக உள்ளே வரும். ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர் மூன்று டம்ளருக்கு மேல் போகக்கூடாது. ஊரார் தண்ணீரை அளந்த மனுஷனுக்கு இப்போது அக்கா அளந்து ஊற்றினாள்.

உப்பு அறவே கூடாது. காய்கறியை இரண்டு தடவை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் போட வேண்டும். கொண்டைக்கடலையின் பேரைக்கூடச் சொல்லக்கூடாது, பொட்டாசியம் ஏறினால் இதயம் நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டாள். ஒரு நாள் அடுப்படியில் என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "கல்யாணமான நாள்லேர்ந்து என் சமையல்ல குத்தம் சொல்லாம ஒரு வேளை சாப்பிட்டதில்லடா. இப்ப பாரு, உப்பு சப்பு இல்லாம போடறேன். ஒரு வார்த்தை பேசாம சாப்பிடறாரு. எனக்காகத்தான் பொறுத்துக்கறாரு." சொல்லும்போது அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. எனக்கும் அத்தானைப் பற்றிப் பெருமையாகத்தான் இருந்தது.

டயாலிசிஸ் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. மெஷின் ஓட ஆரம்பித்த முதல் ஒரு மணி நேரத்தில் என்ன தின்றாலும் மெஷின் கழுவிவிடும் என்று. எந்த டாக்டரும் சொன்னதில்லை. நாற்காலிக்கு நாற்காலி பரவிய சட்டம் அது. ஆறு நாற்காலிகள். பக்கத்து நாற்காலி டெய்லர் அண்ணன் வறுத்த உருளைக்கிழங்கைப் பொட்டலத்தோடு போர்வைக்குள் வைத்துக்கொள்வார். எதிரே ஒரு கணக்கு டீச்சர், தலையோடு போர்த்திக்கொண்டு வாழைப்பழம் சாப்பிடுவார். அந்த ஒரு மணி நேரம் பெரிய சிஸ்டர் முதுகைத் திருப்பிக்கொண்டு ரெஜிஸ்டர் எழுதுவார்.

எனக்கு இது ஒப்பவில்லை. "தின்னது வயித்துலயே இருக்கு அத்தான். இன்னும் ரத்தத்துக்கே வரல. அழுக்குத் துணியை வெளிய வெச்சுட்டு மெஷினை ஓட்டற கதையா இருக்கு" என்றேன்.

"நீ துணிக்கு டாக்டர். வாயை மூடிக்கிட்டு எனக்கு நாலு ஃபலாஃபல் வாங்கிட்டு வா" என்றார்.

அக்கா காதில் விழுந்தால் என் தோலை உரித்துத் தொங்கவிடுவாள். ஆனாலும் போனேன். வாழ்நாளில் அவர் என்னிடம் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

கேட்டதில் ஒரு சிக்கல் இருந்தது. அவருக்குக் காலை ஆறு மணி ஷிஃப்ட். ஊரில் எந்த ஃபலாஃபல் வண்டியும் மாலை நாலு மணிக்கு முன்னால் எண்ணெய் வைப்பதில்லை. முந்தின நாள் வாங்கி, காலையில் சூடு பண்ணிக் கொண்டுபோனேன். அவர் ஒன்றை எடுத்து மெஷினின் ஓரத்தில் தட்டிக் காட்டினார். டொக் டொக் என்றது. திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மாலை ஷிஃப்ட் நாலு மணிக்கு. அதற்கு மாற்றச் சொல்லி சிஸ்டரைக் கேட்டார்.

"காலி ஆகணுமே."

"ஆகட்டும், காத்திருக்கேன்."

"காலி ஆகறதுன்னா என்னன்னு தெரியுமில்ல?"

"தெரியும் சிஸ்டர். நானா யாரையும் போகச் சொல்லல" என்றார் அத்தான்.

இரண்டு மாதம் கழித்து போன் வந்தது. மூன்றாம் நாற்காலி. அத்தான் போய் உட்கார்ந்து பக்கத்து டிராயரைத் திறந்தார். உள்ளே யாருடையதோ மூக்குக்கண்ணாடி இருந்தது. சிஸ்டரிடம் நீட்டினார். "அவங்க வீட்ல வேண்டாம்னுட்டாங்க" என்றார் சிஸ்டர். அத்தான் அதை இருந்த இடத்திலேயே வைத்து டிராயரை மூடினார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் ஓட்டம். அத்தான் ஒவ்வொரு தடவையும் ஒரு கடையைச் சொல்வார். சந்தைக்குப் பின்னால் பச்சைக் குடை, நீதிமன்றத்து மதிலோரம் அண்ணன் தம்பி இரண்டு பேர் போடும் வண்டி, ரயில் கேட்டுக்கு இந்தப் பக்கம் குள்ளமான பெண் வைத்திருக்கும் கடை. நாலரைக்குள் வாங்கி, பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வண்டியில் பறப்பேன். வாடிக்கையாளர் வீட்டில் பாதியில் பிரித்துப் போட்ட மெஷின் கிடக்கும். அவர்கள் திட்டுவது போனில் கேட்கும்.

அத்தான் ஒரு கையால் உடைத்துப் பார்ப்பார். "உள்ளே பச்சை இல்ல. வெந்த கடலை." அடுத்த தடவை, "ஓடு மெத்துனு இருக்கு." அதற்கடுத்து, "எண்ணெய் மூணு நாளாச்சு, நிறத்தைப் பாரு." ஒரு கடி, சில நாள் இரண்டு. மிச்சத்தை என்னிடம் தள்ளிவிடுவார். ஏழு கடை இப்படியே போயிற்று. அவர் சொன்ன குறையெல்லாம் கண்ணுக்கும் பல்லுக்கும் தெரிகிற குறை என்பது அப்போது என் மரமண்டையில் ஏறவில்லை.

"ஒண்ணை மட்டும் கடைசியா வெச்சிருக்கேன்" என்றார் ஒரு நாள். நல்லதைக் கடைசியில் தின்கிற சின்னப்பிள்ளைப் புத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கடை பேருந்துப் பணிமனைக்குப் பின்னால், ஓர் அச்சகத்தின் சுவரை ஒட்டி இருந்தது. அத்தான் அதை யாருக்கும் சொன்னதில்லை, கூட்டம் சேர்ந்துவிடும் என்று. ஒரு புதன்கிழமை போனேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். மீட்டர் பார்ப்பவர், கறுப்புப் பை, தட்டைத் திருப்பிக் கொடுப்பார் என்று அடையாளம் சொன்னதும் அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"ரிட்டர்ன் சாரா? எங்க போயிட்டாரு அவரு? ரெண்டு வருஷமாச்சே!"

விஷயத்தைச் சொன்னேன். உப்பே ஆகாது, டாக்டருக்குத் தெரியாமல்தான் கொடுக்கிறோம் என்றும் சொன்னேன். அவர் கரண்டியை மறுபடி கையில் எடுத்தார். "அஞ்சு நிமிஷம் நில்லுங்க" என்றார். நான் போனில், டிரம்மில் தண்ணீர் ஒழுகுகிற ஓர் அம்மாவைச் சமாதானம் செய்துகொண்டிருந்தேன். கடைக்காரர் என்ன செய்தார் என்று கவனிக்கவில்லை. தன் சாப்பாட்டு டப்பாவைக் கழுவித் துடைத்து, அதில் நாலு வைத்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

பதினொரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தேன். அத்தான் உடைத்தார். பச்சை. ஆவி. வாயில் போட்டார், ஓட்டின் சத்தம் எனக்குக் கேட்டது. மெதுவாக மென்றார். அடுத்ததை எடுத்தார். நாலையும் சாப்பிட்டார். பக்கத்து நாற்காலிக்காரர் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். அத்தான் விரலைத் துடைத்துக்கொண்டு, "உப்பு கரெக்டா இருக்கு மாப்ள" என்றார்.

எனக்குக் கால் தரையில் படவில்லை. அன்று அந்த அம்மாவின் வீட்டுக்குப் போய் ஒழுகலைச் சரி செய்துவிட்டுக் கூலிகூட வாங்காமல் வந்தேன்.

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கே டப்பாவைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். என்னைப் பார்த்ததும் கடைக்காரர் கையைத் துடைத்தபடி வண்டியைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார்.

"என்ன சொன்னாரு? திட்டினாரா?"

"திட்டவா? நாலையும் சாப்பிட்டாரு."

"சாப்பிட்டாரா?" அவர் முகம் என்னவோபோல் ஆயிற்று. "ஒரு கல்லு உப்பு போடல சார். நீங்க ஆகாதுன்னீங்களேன்னு, உப்பு சேக்கறதுக்கு முன்னாடியே தனியா எடுத்து உருட்டினேன். ஒரு கடியில திருப்பி அனுப்பிடுவாருன்னு நினைச்சுட்டு இருந்தேன். ஒண்ணுமே சொல்லலையா?"

அவசரம், பிறகு வருகிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு டப்பாவைக்கூடக் கொடுக்காமல் வண்டியை எடுத்தேன்.

அத்தானுக்கு ஊசி போட்டு முடித்திருந்தார்கள். என் கையில் இருந்த காலி டப்பாவைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார்.

"உப்பே போடலையாம் அத்தான்" என்றேன்.

அவர் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாதாரணமாகச் சொன்னார். "ஒரு வருஷமாச்சு மாப்ள. எதை வாயில வெச்சாலும் நனைஞ்ச அட்டை மாதிரி இருக்கு. டாக்டர்கிட்ட சொன்னேன். சில பேருக்கு அப்படி ஆகும்னாரு."

"அப்புறம் எதுக்கு என்னை இப்படி ஊரெல்லாம் ஓடவிட்டீங்க?" எனக்குக் கோபம் வந்தது. அழுகையும் வந்தது. கோபத்தைத்தான் காட்டினேன்.

"எங்கயாவது ஒரு கடையில திடீர்னு தெரிஞ்சுடும்னு நினைச்சேன். ஒரே ஒரு கடி தெரிஞ்சா போதும்னு. இதுலயும் தெரியலேன்னா வேற எங்கயும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதான் இதைக் கடைசியா வெச்சேன்."

"உப்பு கரெக்டுன்னு ஏன் சொன்னீங்க?"

"நீ மூச்சு வாங்க வந்து நின்னே. ஏதாவது சொல்லணுமில்ல? அவன் கடையில எப்பவும் உப்பு கரெக்டாத்தான் இருக்கும். அதை வெச்சு சொல்லிட்டேன்." கொஞ்சம் சிரித்தார். "உங்க அக்காகிட்ட மூச்சு விடாதே. அவளுக்காகப் பொறுத்துக்கறேன்னு நினைச்சுட்டிருக்கா. அது ஒண்ணாவது இருக்கட்டும்."

சிஸ்டர் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி எழுதிக்கொண்டிருந்தார். முதல் மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் என் கையில் இருந்த டப்பாவைக் காட்டினார்.

"இதைக் கொண்டுபோய்க் குடு. நான் கண்டபடி திட்டினேன்னு சொல்லு. சும்மா சாப்பிட்டுட்டேன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் பயந்துடுவான்."

போனேன். வண்டியைச் சுற்றி நாலைந்து பேர் நின்றார்கள். "நான்தான் பொய் சொன்னேன். உங்க மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லல. ஒரு கடி கடிச்சுட்டுத் தூக்கிப் போட்டுட்டாரு. உப்பில்லாம ஃபலாஃபல் போடறவன் கடையை மூடிட்டுப் போகட்டும்னாரு" என்றேன்.

கடைக்காரர் தலையை அண்ணாந்து சிரித்தார். "பாத்தீங்களா! அப்படிச் சொன்னாத்தான் அது ரிட்டர்ன் சாரு!" என்று நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். "நாக்கு அப்படியே இருக்கு. நாக்கு நல்லா இருந்தா மனுஷன் தேறிடுவான் சார், நீங்க கவலைப்படாதீங்க. டாக்டர் கிடக்கட்டும், இந்தத் தடவை உப்பு போட்டே தர்றேன். ஓடுங்க, ஆறிடப்போகுது."

நாலு உருண்டை. டப்பா கையைச் சுட்டது. டயாலிசிஸ் கட்டடத்தின் கீழே வண்டியை நிறுத்தியபோது மணி நாலு ஐம்பது. முதல் மணி நேரத்தில் இன்னும் பத்து நிமிடம் மிச்சம் இருந்தது.

மேலே போகவில்லை. வண்டியிலேயே உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். ஒன்றை எடுத்து அத்தான் மாதிரி உடைத்துப் பார்த்தேன். உள்ளே பச்சையாக இருந்தது, ஆவி வந்தது. நாலையும் நானே சாப்பிட்டேன். உப்பு கரெக்டாக இருந்தது.