1:10 முதல் 1:40 வரை

“அப்போ அந்த அரமணி நேரம் யாருதான் உக்காந்தது?”

“தெரியலைங்க சார்.”

“நோட்டு உன் கையிலதானம்மா இருக்குது! திங்கக்கெழமை பெங்களூர்ல இருந்து செக் பண்ண ஆளு வர்றாரு. நோட்டும் மிசினும் ஒத்துப்போவலைன்னா, உன்ன பர்மனென்ட் பண்ணச் சொல்லி எந்த வாயால நான் கேக்கறது?” என்றார் சூப்பர்வைசர் கிருஷ்ணப்பன்.

இது கட்டிவிட்ட கதை அல்ல. 1994 ஆகஸ்டில், ஓசூரில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில், பட்டப்பகலில் முனிலட்சுமிக்கு நடந்தது. வேப்பனப்பள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்துபோகும் தற்காலிக டைப்பிஸ்ட் அவள்.

அங்கே ஐந்து கணினிகள். ஆனால் கடிதம் அடிக்கும் சாஃப்ட்வேருக்கு மூன்று பேர் பெயரில்தான் லைசென்ஸ்; அந்தப் பெயரை அடித்தால்தான் அது திறக்கும். யார் எப்போது திறந்தார்கள் என்று நோட்டில் எழுதுவது அவள் பொறுப்பு. அந்த மூன்றில் அவள் பெயர் கிடையாது. “திம்மராயன் வேலைய உட்டுட்டான். புதுப் பேருக்கு எழுதிப் போட்டா மாசக்கணக்காவும். நீ அவன் பேர்லயே தொற” என்று கிருஷ்ணப்பன் முதல் நாளே சொல்லிவிட்டார்.

நோட்டைவிட, மிசின் பதிவில் அந்தப் பெயரில்தான் தினமும் அரைமணி கூடுதலாக ஓடியிருந்தது. மதியம் 1:10 முதல் 1:40 வரை. எல்லோரும் கீழே கேன்டீனில் இருக்கும் நேரம். மாடி அறை பூட்டியிருக்கும். சாவி அவளிடம்.

எவனோ கள்ளச்சாவி வைத்திருக்க வேண்டும். சனிக்கிழமை அவள் சாப்பிடப் போகவில்லை. உள்ளே தாழிட்டு உட்கார்ந்தாள்.

1:09. ஃபேன் சத்தம் மட்டும்.

1:10. திம்மராயன் பெயரைத் தன் கணினியில் அடித்துப் பார்த்தாள். திரை மறுத்தது. அந்தப் பெயர் ஏற்கெனவே திறந்திருக்கிறதாம். நான்காம் எண் கணினியில்.

நான்காவது, மூலையில் உறை போட்டுக் கிடந்தது. ஒயரைக் கழற்றி மேலே சுற்றி வைத்திருந்தார்கள்.

டக்... டக்...

உறைக்குள்ளிருந்து.

ஒரே விரலால், தேடித் தேடி அடிப்பதுபோல... உறை மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு விடுவதுபோல.

எழுந்திருக்கப் பார்த்தாள். கதவுக்குப் போக அந்த மூலையைத் தாண்டியாக வேண்டும்.

டக்...

1:40.

நின்றது.

கதவைத் திறந்து கீழே ஓடியவள் வாட்ச்மேன் பொன்னுசாமி முன்னால்தான் நின்றாள்.

“அண்ணா, திம்மராயன் இப்போ எங்க வேல செய்றாரு?”

“வேலையா? உனக்கு யாரும் சொல்லலையாம்மா? கெலவரப்பள்ளிப் பையன். நெஞ்சு வலி. நாங்கெல்லாம் சோத்துக்குப் போயிருந்தம். ஒண்ணு நாப்பதுக்கு வந்து பாத்தா, அந்த மூல மிசின் மேல தலைய சாச்சிருந்தான். அரமணி நேரம் உசுரு இருந்திருக்கும்னாரு டாக்டரு.”

திங்கட்கிழமைக்கு நோட்டு முடிய வேண்டும். அந்த அரைமணியில் என்ன வேலை நடந்தது என்றும் எழுதியாக வேண்டும். பொன்னுசாமியை அறை வாசலில் நிற்கவைத்துவிட்டு, திம்மராயன் பெயரில் அன்று பதிவான கடிதத்தைத் திறந்தாள்.

ஆங்கில எழுத்தில் தமிழ். ஒரே வரி.

“யாராச்சும் ஒருத்தர் சாப்பாட்ட வெச்சிட்டு, கொஞ்சம் மேல வாங்க...”