பதினொரு மீட்டர் வளைவு

எங்கள் பூங்காவின் நடைபாதை ஒரு சுற்றுக்கு ஐந்நூற்றுப் பதினொரு மீட்டர். அந்தப் பதினொரு மீட்டர்தான் ஆறு வருடமாக என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. நான் ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். எந்தக் கணக்கும் முழுசாக முடியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கிழக்கு மூலையில் பாதை நேரே போகாமல், யாரோ தூக்கக் கலக்கத்தில் போட்டது மாதிரி, ஒரு வெற்றுப் புல்தரையைச் சுற்றிக்கொண்டு போகும். ஏன் என்று கேட்டால், "அடியில பாறைம்மா" என்பார் தோட்டக்காரர். அதற்கு மேல் ஒரு வார்த்தை பெயராது.

எங்கள் பகுதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆள் உயரத்துக்கு மேல் மதில், மதிலுக்கு மேல் கம்பி, கம்பிக்கு மேல் கேமரா. அடுத்த வீட்டு மனிதரைத் தெரியாது, அவர் வீட்டு நாயின் குரல் தெரியும். ஒரு காலத்தில் இது கல்குவாரி. நகரத்துப் பழைய கட்டடங்களில் பாதி இங்கே உடைத்த கல்தான். கல் தீர்ந்ததும் பள்ளத்தை மண்ணடித்து மூடி, மனை போட்டு, 'பசுமை', 'அமைதி' என்றெல்லாம் நோட்டீஸ் அச்சடித்து விற்றார்கள். முதலில் டாக்டர்களும் வக்கீல்களும் வந்தார்கள், பின்னால் எங்களைப் போன்றவர்கள். இப்போது எங்கள் வீட்டுத் தரைகளுக்குச் சலவைக்கல் கப்பலில் வருகிறது. வேடிக்கைதான், போங்கள்! குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் யாராவது குவாரி என்ற பேச்சை எடுத்தால் மனை விலை இறங்கிவிடும் என்று பல்லைக் கடிப்பார்கள்.

தோட்டக்காரர் அந்தக் குவாரியில் கல் உடைத்தவர். குடிசைகளைக் காலி செய்யச் சொன்னபோது மற்றவர்கள் எல்லோரும் வேறு குவாரிக்குப் போனார்கள். இவர் மட்டும் மனைவியோடு இங்கேயே ஒட்டிக்கொண்டார். பள்ளம் மூடும் கூலி வேலை, அப்புறம் பூங்காவில் தோட்ட வேலை. பூங்காவைப் பெருக்குவது அவர் மனைவி. பிள்ளை குட்டி கிடையாது என்று கேள்வி. பெரிய பங்களாக்காரர் ஒருவர் இரட்டைச் சம்பளத்துக்குக் கூப்பிட்டும் அவர் போகவில்லை. பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். என் வாய்க்குத்தான் பூட்டு கிடையாதே. இன்று அவர்கள் இருவருமே இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் சங்கத்துக்குச் செயலாளரான வருடம், முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டேன்: வளைவைத் தோண்டி நேராக்கி, சுற்றைச் சரியாக ஐந்நூறு மீட்டர் ஆக்குவது. எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் தோட்டக்காரர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"வேணாம்மா. பாறைம்மா. மிஷின் பல்லு போயிடும்."

"போனா கான்ட்ராக்டர் மிஷின் பல்லு. உங்களுக்கென்ன வந்துச்சு?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டே போய்விட்டார்.

குறித்த நாள் காலையில் கான்ட்ராக்டர் வந்தார். மிஷினை வெளியே நிறுத்திவிட்டு, பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்கப் புல்தரையின் ஓரத்தில் கடப்பாறையை இறக்கினார். அது தடையே இல்லாமல் இறங்கியது.

"பாறையாவது, மண்ணாங்கட்டியாவது! வெறும் மண்ணு மேடம்" என்று சிரித்தார்.

தோட்டக்காரர் ஓடி வந்து கடப்பாறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "போதும்யா, இறக்காத" என்றார். கான்ட்ராக்டர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, மிஷினைக் கொண்டுவர வாசல் பக்கம் போனார். எனக்கு வந்ததே கோபம்!

"முப்பது வருஷமா ஊரையே ஏமாத்தியிருக்கீங்களே! எங்க உங்க பாறை?"

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாறை இல்லம்மா. எம் பொண்ணு."

நான் புல்லை விட்டுப் பாதைக்கு நகர்ந்துகொண்டேன்.

"பதினெட்டு நாள் கொழந்தைம்மா. காய்ச்சல்ல போயிட்டா. பேரு கூட வைக்கல. அப்போ இது எங்க குடிசைக்குப் பின்பக்கம். பாதைக்கு இஞ்சினீரு நேரா கோடு போட்டாரு. பாறைன்னு சொன்னேன். குவாரி எடந்தானேன்னு நம்பிட்டாரு."

"உங்க வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அப்ப அவளும் அதே காய்ச்சல்ல நெனவே இல்லாம கெடந்தா. தூரத்துச் சுடுகாட்டுல பொதச்சேன்னு சொல்லிட்டேன். இங்கதான்னு தெரிஞ்சா, இதே எடத்துல உக்காந்து அழுதே செத்துருப்பா. சொல்லிடாதீங்கம்மா."

சொல்ல மாட்டேன் என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. வளைவுக்கு நான் ஏன் மரியாதை கொடுக்க வேண்டும் என்று எத்தனை நாள் வீம்புக்கு அந்தப் புல்லை மிதித்துக் குறுக்கே நடந்திருப்பேன்! அவரும் பார்த்துக்கொண்டேதானே நின்றிருப்பார். ஒரு நாள் கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை.

மிஷின் உறுமிக்கொண்டு வந்தது. குறுக்கே போய் நின்று, திரும்பிப் போகச் சொன்னேன். "மண்ணுதானே மேடம்?" என்று ஆரம்பித்த கான்ட்ராக்டரை ஒரு முறை முறைத்தேன், மனுஷன் அடங்கிவிட்டார். சங்கத் தலைவர் போனில் கேட்டபோது, "பெரிய பாறை சார், ஒண்ணும் பண்ண முடியாது" என்றேன். முப்பத்திரண்டு வருட உத்தியோகத்தில் ஒரு பொய்க்குக் கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று நடவடிக்கைப் புத்தகத்தில் 'அடியில் பாறை' என்று எழுதி, முழுக் கையெழுத்தாகவே போட்டேன்.

சங்க அறையை விட்டு வெளியே வந்தால், தோட்டக்காரரின் மனைவி விளக்குமாறோடு நின்றிருந்தார்.

"மிஷின் போயிடுச்சாம்மா?"

"போயிடுச்சு. அடியில பாறையாம்."

அவர் என் முகத்தையே பார்த்தார். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

"நீங்களும் பாறைன்னே சொல்லிட்டீங்களா? நல்லா இருப்பீங்கம்மா."

"உங்களுக்கு... எப்படித் தெரியும்?"

"பார்க் முழுக்க மிஷின் வச்சு புல்லு வெட்டுவாரு. அங்க மட்டும் குனிஞ்சு கையாலயே கிள்ளுவாரு. கூட வாழறவளுக்குத் தெரியாமப் போகுமாம்மா?"

"ஒரு வார்த்தை அவர்கிட்ட கேட்டிருக்கலாமே!"

"கேட்டா ஒடஞ்சு போயிடுவாரு. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுதான் அவரு தெம்பா நடமாடுறாரு. சொல்லிடாதீங்கம்மா."

சொல்ல மாட்டேன் என்று அவருக்கும் சொன்னேன்.