முதுகுக்குப் போட்ட வசனம்

1. பேப்பர் வேண்டாம்

முதல் நாள் கார்த்திக் என் கையில் எட்டுப் பக்க வசனத்தைத் தந்தார். நான் திருப்பிக் கொடுத்தேன்.

"என்னம்மா, பிடிக்கலையா?"

"நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படிச்சனான், தம்பி. வாசிக்க நேரம் எடுக்கும். நீங்கள் ஒருக்கா வாசியுங்கோ. கேட்டுச் சொல்லுறன்."

இடம் லண்டனில் ஸ்ட்ரெதம். கம்பளம் விற்கிற கடைக்கு மேலே ஒரு அறை. எதிரொலி வராமல் சுவரெல்லாம் பழைய போர்வை அடித்திருந்தது. ஒரு மைக், ஒரு ஸ்டூல். கார்த்திக் சென்னைக்காரர். கிழமை நாட்களில் ஐடி வேலை. ஞாயிறு பகலில் சீனக் குறுநாடகங்களுக்குத் தமிழ்க் குரல் சேர்ப்பார். போனில் பார்க்கிற சரித்திர நாடகங்கள். ஒரு எபிசோட் ஒன்றரை நிமிடம். மொத்தம் எண்பது வரும்.

அப்போது நான் மோர்டனில் ஒரு பலசரக்குக் கடையில், டில்லில் காசு வாங்குகிற வேலையில் நின்றேன். ஒருநாள் ஒருவன் மீன் பெட்டியைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு காசு கொடுக்காமல் நடந்தான். "நில்" என்றேன். தமிழில்தான் வந்தது. அவன் வெள்ளைக்காரன். நின்றுவிட்டான். அரிசி மூட்டையோடு வரிசையில் நின்ற கார்த்திக் கேட்டார்: "அம்மா, ஒரு பெண் தளபதிக்குக் குரல் குடுப்பீங்களா?"

2. இடது காது

மற்றவர்கள் சீனச் சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பேப்பரைப் பார்த்துப் பேசுவார்கள். எனக்கு அது சரிவராது. இடது காதில் சீனத்தை முழுதாக விடச் சொன்னேன். ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் அந்தப் பெண் எங்கே மூச்செடுக்கிறாள், எங்கே விழுங்குகிறாள் என்று தெரியும். அவள் மூச்செடுக்கும்போது நானும் எடுப்பேன். பெரும்பாலும் இரண்டாம் டேக்கில் ஓகே ஆகும்.

3. அந்தப் பெண்கள்

பத்து நாடகம் செய்தேன். பத்திலும் ஒரே மாதிரித் தொடங்கும். முதல் எபிசோடில் மாமியார் அறைவாள். புருஷன் வேறு பெண்ணோடு நிற்பான். இவளை வாசலில் தள்ளுவார்கள். மூன்றாம் எபிசோடில் இவள் கவசம் போட்டுக் குதிரையில் வருவாள். ஒருத்தி தளபதி. ஒருத்தி வைத்தியச்சி. ஒருத்தி இறைச்சி வெட்டுகிறவள். தலைமுடியைத் தூக்கிக் கட்டினால் ஆண் என்று ஊரே நம்பும். வாள் ஒருவருக்கும் பாரமாக இராது. பார்த்துச் சிரிப்பேன்.

ஆனால் தளபதியை எனக்குப் பிடித்தது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். தான் ஏன் இப்படி என்று ஒருவருக்கும் விளக்கம் சொல்லமாட்டாள்.

பக்கத்து டில்லில் நின்ற ராணிக்கும் அவளைப் பிடித்தது. தமிழில் வரவர பிரேக்கில் பார்ப்பாள்.

"அக்கா, உங்கட ஆள் இண்டைக்கு நாலு பேரை விழுத்திப்போட்டாள்."

"நான் எங்கை விழுத்தினன். மூச்சு மட்டும்தான் விட்டனான்."

ராணியின் ஹாண்ட்பாக்கில் ஒரு விண்ணப்பப் போர்ம் இருந்தது. கடையில் சூப்பர்வைசர் இடம் காலி. பதினொரு வருஷம் நின்றவள் அவள். வந்து இரண்டு வருஷமான பெடியன் ஒருவன் போர்ம் கொடுத்துவிட்டான். வெள்ளிக்கிழமை கடைசி நாள். இவள் நிரப்பி, மடித்து, பாக்கில் வைத்துக்கொண்டு திரிந்தாள்.

"பொம்பிளையள் சொன்னால் பெடியள் கேப்பாங்களே அக்கா?"

"உன்ரை தளபதியிட்டைக் கேள்."

4. அறுபத்தோராம் எபிசோட்

இளவரசன் கூடாரத்தை விட்டுப் போகிறான். தளபதி அவனைப் பார்த்து ஒரு சொல் சொல்கிறாள். பிறகு திரும்பி நிற்கிறாள். கமரா அவளுடைய முதுகையே காட்டுகிறது.

கார்த்திக் வசனம் வாசித்தார்: "போகாதீர்கள். எத்தனை போர் வென்றாலும் நான் வெறும் பெண்தானே."

"தம்பி, போகாதீர்கள் மட்டும்தான் அவள் சொன்னது. பிறகு காத்துச் சத்தம்."

"முதுகு ஷாட்மா. லிப் தெரியாதுல்ல? அங்க வசனம் போட்டுக்கலாம். எல்லாரும் செய்யறதுதான்."

"ஏன் போட வேணும்?"

"ஹீரோயின் ரொம்ப முரடா இருக்கான்னு கிளையன்ட் சொல்றாங்க. லவ் வந்துடுச்சு, கொஞ்சம் இளகணும்."

"லவ் என்ன காய்ச்சலே, வந்தவுடனை குரல் இறங்க?"

சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "நீங்க பண்ணலைன்னா இந்த எபிசோட்லேர்ந்து வேற வாய்ஸ் போட்டுருவாங்கம்மா."

இன்னும் இருபது எபிசோட் இருந்தது. அவளை வேறொருத்தியிடம் விட எனக்கு மனமில்லை. சொன்னேன். அந்த ஒரு வசனத்துக்கு நாலு டேக் போனது. என் வேலையில் அவ்வளவு டேக் போனது அன்றைக்குத்தான்.

5. வியாழக்கிழமை பிரேக்

அந்த எபிசோட் வியாழன் வந்தது. ராணி தேத்தண்ணியோடு பார்த்தாள். முடிந்ததும் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"பாத்தீங்களே அக்கா. கடைசியிலை அவளும் எங்களை மாதிரித்தான்."

போர்மை எடுத்தாள். கிழிக்கவில்லை. குப்பைக் கூடைக்கு மேலே பிடித்தபடி நின்றாள்.

"அது அவள் சொல்லேல்லை ராணி."

"என்ரை காதாலை கேட்டனான்."

"நான் சொன்னது. சொல்லச் சொன்னாங்கள், சொன்னன்."

என் போனில் சீன எபிசோடை எடுத்து அவள் காதில் வைத்தேன். ஒரு சொல். பிறகு முதுகு. பிறகு காற்று. கூடாரத் துணி அடிக்கிற சத்தம்.

ராணி இன்னொரு முறை போடச் சொன்னாள்.

"ஒண்டுமே சொல்லேல்லை."

"ஓம்."

"சும்மா நிக்கிறாள்."

"ஓம்."

"பிறகேன் அக்கா சொன்னீங்கள்?"

ராணி போர்மைத் தடவி நேராக்கினாள். மனேஜரின் அறைக்குப் போனாள். வரும்போது கை வெறுமையாக இருந்தது. பிரேக் முடிந்து மூன்று நிமிடம். நேரே டில்லுக்குப் போய் நின்றாள்.

அந்த இடம் பெடியனுக்குத்தான் கிடைத்தது. அடுத்த முறையும் ராணி போர்ம் கொடுத்தாள். அப்போது அவளுக்குக் கிடைத்தது. நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளில் கேக் வெட்டியது ராணி சூப்பர்வைசர்தான்.

6. இப்போது

அந்த அறையில் இப்போது நகத்துக்குச் சாயம் பூசுகிறார்கள். ஸ்ட்ரெதம் பக்கம் போனால் பஸ்சில் மேல்தட்டில் ஏறுவேன். அந்த அறையின் ஜன்னல் என் உயரத்துக்கு வரும். போர்வைச் சுவரும் கார்த்திக்கின் பிளாஸ்க் கோப்பியும் ஞாபகம் வரும். நல்ல ஞாயிறுகள்.

கார்த்திக் இப்போது பெரிய இடத்தில் இருக்கிறார். போன மாதம் கூப்பிட்டார். புது நாடகம். பெண் நீதிபதி.

"வாறன் தம்பி. ஆனா ஒரு விசயம்."

"சொல்லுங்கம்மா."

"முகத்துக்கு எவ்வளவும் பேசுறன். முதுகுக்குப் பேசமாட்டன்."



"ஞாயிறு பத்து மணிக்கு வாங்கம்மா."

மைக் முன்னால் புதிதாக நிற்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். வாசிக்க முடிந்தால் பேப்பரை வாசியுங்கள். ஒரு காதைத் திரையில் பேசுகிறவளுக்குக் கொடுங்கள். அவள் பேசாத இடத்தில் நீங்களும் பேசாமல் நில்லுங்கள்.