கரிக்கசடுத் தளம்

மயிலாப்பூரிலேயே எடை குறைந்த கான்கிரீட் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. பொய். எங்கள் தெரு வாத்தியார் வீட்டில் நான் போட்ட தளம் நின்றதே என்னால் இல்லை.

யுத்த காலம், சிமெண்டு கிடைக்கவில்லை. வாத்தியார் வீட்டுச் சுவர்களோ பழசு, பாரம் தாங்காது. அதனால் ரயில் எஞ்சினில் எரிந்து மிஞ்சிய கரிக்கசடை உடைத்து, சுண்ணாம்போடு கலந்து மாடித்தளம் போட்டேன். கசடைச் சலித்துக் கழுவாவிட்டால் தளம் பொரிந்து உடைந்துவிடும். நானோ சலிக்கச் சோம்பிப் படுத்துவிட்டேன்.

தளம் இறுகியபின், அதைத் தாங்கும் முட்டுக்கம்புகளைப் பிரிக்கும்போது, தளம் போட்ட கொத்தனார்தான் அடியில் நிற்க வேண்டும். அது எங்கள் வழக்கம். அன்றைக்கு எனக்குத் திடீரென்று வயிற்றுவலி வந்தது.

"இன்னா மேஸ்திரி, மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சி? ஓரமா குந்து, நான் நிக்கிறேன்" என்று சித்தாள் முனியம்மா அடியில் போய் நின்றாள்.

கடைசி முட்டுக்கம்பையும் எடுத்தார்கள். தளம் அசையவில்லை.

"பயமா இல்லையா உனக்கு?" என்று கேட்டேன்.

"நீ தூங்கிக்கினு இருந்தப்போ கசடெல்லாம் சலிச்சிக் கழுவுனது நான்தானே! உன் வேலைய நம்பி எவ நிப்பா?"

அன்று முதல் நான்...

"மேஸ்திரி! இன்னா எழுதிக்கினு கீற? முட்டு பிரிக்கணும், வா!"

முனியம்மாதான். இது வேறு வீட்டுத் தளம்; இந்தத் தடவை கசடைச் சலித்துக் கழுவியவன் நான். அடியில் நிற்கப் போகிறேன்.