கிழக்குப் பார்த்த டிரெய்லர்

என் அண்ணன் வேலை பார்த்த முப்பத்திரண்டு வருடமும் ராணுவ வண்டிகளோடுதான் இருந்தார், காகிதத்தில். ஓடி ஓய்ந்த ஜீப்பையும் லாரியையும் 'இனி உதவாது' என்று கழித்துக்கட்டும், ஆபீஸ் பாஷையில் 'கண்டம்' செய்யும், கோப்புகள் அவர் மேசைக்கு வரும், கையெழுத்தாகிப் போகும். அந்த வண்டிகள் எதிலும் அவர் ஏறியதில்லை. ஆகவே ஓய்வு பெற்ற மறுவருடம், கண்டமான ராணுவ டிரெய்லர் ஒன்றை ஏலத்தில் எடுத்து, கொல்கத்தாவில் சால்ட் லேக் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, எனக்கு முதல் சந்தேகம் அந்தக் கையெழுத்துகளின் மேல்தான் விழுந்தது.

ஒரு டன் சரக்குக்காகச் செய்த இரண்டு சக்கர இரும்புத் தொட்டி அது. அண்ணன் பல மாதங்களாகப் போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவில் தாடி வைத்த ஆட்கள் இதே மாதிரித் தொட்டியின் பக்கக் கதவைத் திறந்தால் உள்ளிருந்து அடுப்பு வரும், கட்டில் வரும், கூடாரம் விரியும். ரோடே இல்லாத இடத்துக்கு இழுத்துப்போய்க் காபி போட்டுக் குடிப்பார்கள். அண்ணன் தன் வீட்டில் ஒருநாளும் காபி போட்டதில்லை.

அண்ணி வாசலில் நின்று தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். ஓய்வு பெற்றதும் கோயம்புத்தூர் போய்விடுவது என்பது அவர்கள் கல்யாணமான நாளிலிருந்து இருக்கும் ஒப்பந்தம். பீளமேட்டில் வாங்கிப்போட்ட ஃபிளாட்டில் வாடகைக்கு ஆள் இருந்தது. அண்ணனுக்குக் கொல்கத்தாவை விட மனமில்லை. ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் 'அடுத்த பூஜை முடிஞ்சதும்' என்பார்.

"ஏனுங்க, இதுல நீங்க படுத்துத் தூங்குவீங்களா?"

"ஏன், தூங்காம?"

"சரி. கல்கத்தாவுக்கு வெளிய ஒரே ஒரு ராத்திரி. இதுக்குள்ள படுத்து விடியற வரைக்கும் நீங்க தூங்கிட்டீங்கன்னா, நான் ஜென்மத்துக்கும் கோயமுத்தூர் பேச்சு எடுக்கலை. தூங்கலைன்னா பூஜையாவது ஒண்ணாவது, மூணு மாசத்துல கிளம்பறோம்."

அண்ணன் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "அம்முணி, நீ கேட்டுக்கிட்டியல்ல? நீதான் சாட்சி."

நான் நகரின் தெற்கே டாக்குரியாவில் தனியாக இருப்பவள். ஒரு பத்திரிகையின் டெஸ்க்கில் இருபத்தெட்டு வருடம் மற்றவர்கள் எழுதியதை வெட்டியவள். இந்த ஊரில் எனக்கு இருக்கும் உறவு இந்த இரண்டு பேர். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அவர்கள் வீட்டில். ஆகவே சாட்சி யார் பக்கம் என்பதில் அண்ணனுக்கு ஐயமே இல்லை. எனக்கும் அன்று இல்லை.

முதலில் காகிதங்கள் சரியாயின. அதில் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. பதிவு அலுவலகத்துக்கு அவர் கொண்டுபோன கோப்பைத் தூக்கிப் பார்த்தேன். அந்த ஒரு டன் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும் என்று தோன்றியது. ராணுவப் பச்சை நிறத்தைத் தனியார் வண்டிக்கு அடிக்கக் கூடாது என்பது விதி. எனவே நகரத்தின் பாலங்களுக்கும் நடைபாதைத் தடுப்புகளுக்கும் அடிக்கும் நீலமும் வெள்ளையும் அடித்தார். தூரத்தில் பார்த்தால் மாநகராட்சியின் தண்ணீர் வண்டி போலிருக்கும். அக்கம்பக்கத்தில் இரண்டு பேர் குடத்தோடு வந்தார்கள்.

அப்புறம் டாப்சியா பக்கம் ஒரு கராஜில் வேலை நடந்தது. மிஸ்திரி வெல்டிங்கில் கெட்டிக்காரர். தொட்டிக்கு மேல் இரும்புச் சட்டம், தகரக் கூரை, பின்பக்கம் கதவு, இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் ஒவ்வொரு கட்டில். ராணுவ லாரிக் கொக்கிக்கான வளையத்தை அறுத்துவிட்டு, அண்ணனின் பழைய ஜீப்புக்குப் பொருந்தும் இணைப்பை வைத்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. பிறகு அண்ணன் சாமி அலமாரி எங்கே என்று கேட்டார்.

"எங்க வேணுமோ வெச்சிடலாம் தாதா," என்றார் மிஸ்திரி. வங்காளிகளுக்கு அண்ணன் என்றால் தாதா.

"கிழக்குப் பார்த்து இருக்கணும்."

மிஸ்திரி வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளினார். "தாதா, இது வண்டி. இதுக்குக் கிழக்கு எது?"

"இப்ப எப்படி நிக்குதோ அதுக்கு."

"இப்ப என் கராஜைப் பார்த்து நிக்குது."

"நீங்க முன்சுவர்ல வைங்க. நிறுத்தற இடத்துல பின்பக்கம் கிழக்கே இருக்கற மாதிரி நான் நிறுத்திக்கறேன்."

மிஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தேநீரைப் பார்த்தேன். அலமாரி முன்சுவரில், கட்டில்களின் தலைமாட்டுக்கு நேர் மேலே, யானை இடித்தாலும் அசையாதபடி வெல்டிங்கானது. முருகன் படம், விளக்கு, விபூதிக் கிண்ணம், மேடு பள்ளத்தில் கொட்டாமல் இருக்கக் குட்டிக் கம்பித் தடுப்பு.

மிஸ்திரி ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார். ஒரு டன்னுக்கான ஸ்பிரிங் பட்டை. காலியாக இழுத்தால் வண்டி குதிக்கும். கனம் வைக்கச் சொல்லி அண்ணனிடம் யாரும் சொல்லியிருக்கக் கூடாது. ஊர் ஊராகப் பெயர்ந்தவர்கள் பழக்கம் அது: ஆறு முறை மாற்றலில் வீட்டைக் கட்டி லாரியில் ஏற்றியவர், எதையும் விட்டுவிட்டுப் போகத் தெரியாதவர். வெட் கிரைண்டர் ஏறியது. இன்வெர்டர் ஏறியது. இரண்டு பெரிய ஸ்டீல் டிரம், பித்தளை அண்டா, மடக்கு நாற்காலி நான்கு, அரிசி மூட்டை, அயர்ன் பெட்டி. காட்டில் எதை அயர்ன் செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். "இருக்கட்டும் அம்முணி, ஒரு இதுக்கு" என்றார்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, விடிவதற்கு முன், மாநிலத்தின் மேற்குக் கோடியில் இருக்கும் புருலியாவுக்குக் கிளம்பினோம். மணிக்கு நாற்பதுக்கு மேல் போனால் பின்னாலிருந்து கிரைண்டர் தன் கருத்தைச் சொன்னது. மலையடிவாரத்தில் தெரிந்தவர் ஒருவரின் அறுவடை முடிந்த வயலுக்குப் போய்ச் சேரும்போது மதியம் மூன்று மணி. மண் தடத்தின் ஓரம் கெட்டியான, சமமான நிலம். ஒரு பக்கம் பனை, எதிரே குன்று. அண்ணனின் வீடியோக்களிலேயே இல்லாத அழகு. அங்கே நிறுத்தி இறங்கியிருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

அண்ணன் போனில் திசைகாட்டியைத் திறந்தார். முருகன் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு ராத்திரிதானுங்க," என்றார் அண்ணி. "தெக்க பாத்தா என்ன, ஊர்ப்பக்கம்தான பாக்கறாரு."

"தெக்க பாத்த சாமி முன்னாடி விளக்கேத்தச் சொல்றியா?"

டிரெய்லரைப் பின்னால் தள்ளுவது சாதாரண காரியமில்லை. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் அது வலப்பக்கம் போகும். இந்த உண்மையை அண்ணன் அன்று மாலை பதினாறு தடவை கண்டுபிடித்தார். பதினேழாவது தடவை ஜீப்பும் டிரெய்லரும் மடக்குக் கத்தி போல மடங்கி நின்றன. வயல்காரரும் அவர் பக்கத்து ஆட்களும் வந்து, கொக்கியைக் கழற்றி, கிரைண்டரையும் டிரம்களையும் இறக்கி, டிரெய்லரைக் கையாலேயே கால்வட்டம் திருப்பினார்கள். ஒரு பெரியவர் இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்டார். அண்ணன் சொன்னார். பெரியவர் தன் பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொல்ல, எல்லோரும் மிகுந்த மரியாதையோடு சிரித்தார்கள். இறக்கியதை எல்லாம் அண்ணன் மறுபடி ஏற்றச் சொன்னார். ஏற்றினார்கள்.

முருகன் கிழக்கே பார்த்தார். ஆனால் டிரெய்லரின் முன்பக்கம் தடத்தை விட்டு ஈர மண்ணுக்குள் வந்துவிட்டது. முன்னால் தாங்கி நிற்கும் இரும்புக் கால் ஒரு சாண் இறங்கியது. அடியில் கல் வைத்தோம். கல்லும் இறங்கியது. ஆக, கட்டில்களின் தலைமாடு தாழ்ந்து கால்மாடு உயர்ந்தது.

அண்ணி தலையணையை எடுத்துக் கதவுப்பக்கம் போட்டு, தலையை மேட்டில் வைத்துப் படுத்துவிட்டார்.

"அங்க தல வெச்சா கால் சாமியப் பாக்குது!"

"பாக்கட்டும். முப்பது வருசமா அவருக்கு முன்னால நின்ன காலுதான்."

அண்ணனால் அது முடியாது. சாமிக்கு நேரே கால் நீட்டமாட்டார். தலைகீழாகத் தொங்குவது போல, தலையைப் பள்ளத்தில் வைத்துப் படுத்தார். அவருக்கு நெஞ்செரிச்சல் உண்டு. நான் ஜீப்பின் பின்சீட்டில் படுத்தேன்.

காலையில் விழித்தபோது முன்சீட்டில் அண்ணன் இருந்தார். தலையில் மங்கி கேப், கழுத்தில் மஃப்ளர், மேலே அண்ணியின் சால்வை. வாய் திறந்திருந்தது. நான் தொட்டதும் துள்ளினார்.

"இப்பத்தான் வந்தேன். ஹேண்ட்பிரேக் சரியா இருக்குதான்னு பாக்க."

"பத்தரைக்கு வந்தீங்கண்ணா. கதவு சத்தத்துல நான் முழிச்சிட்டேன்."

"அம்முணி." குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணிக்குத் தெரியாது. அவ கட்டையாட்டத் தூங்கறா. யோசிச்சுப் பாரு. நாங்க போயிட்டா நீ இங்க தனியா என்ன பண்ணுவ?"

யோசித்தேன். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. காய்ச்சல் வந்தால் யார், ஞாயிற்றுக்கிழமை எங்கே, தமிழில் யாரிடம் சண்டை போடுவது. எல்லாம் அந்த ஜீப்புக்குள் கண்ணாடியில் படிந்த பனி போலத் தெளிவில்லாமல், ஆனால் முழுதாக இருந்தது.

டிரெய்லரின் கதவு திறந்தது. அண்ணி தலைமுடியை முடிந்துகொண்டு இறங்கி, சோம்பல் முறித்தார். பல நாள் பார்க்காத முகம். நன்றாகத் தூங்கியவர் முகம்.

"என்ன, சாட்சி? உங்கண்ணன் தூங்கினாரா?"

அண்ணன் குன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பத்தரை வரைக்கும் உள்ள இருந்தாங்க. அப்புறம் ஜீப்ல தூங்கினாங்க அண்ணி."

"தெரியும்," என்றார் அண்ணி. "போறப்ப என் சால்வைய உருவிட்டுப் போனாரு. நீ என்ன சொல்றன்னு பாக்கலாம்னுதான் கேட்டேன்."

அவர் அடுப்பைப் பற்றவைத்தார். டீ கொதிப்பதற்குள் பீளமேட்டுக்குப் போன் போட்டு, குடியிருப்பவரிடம் மூன்று மாதத்தில் வீடு வேண்டும் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கொடுத்த டம்ளரில் வழக்கத்தைவிடச் சர்க்கரை கூட இருந்தது. அண்ணன் திரும்பி வரும் வழி முழுக்க என்னோடு பேசவில்லை. கிரைண்டர் மட்டும் பேசியது.

மூன்றாம் நாள் அவரிடமிருந்து போனில் ஒரு செய்தி. டிரெய்லரை விற்கப்போகிறாராம், விளம்பரம் எழுதியிருக்கிறார், நான் பார்த்துத் திருத்தித் தர வேண்டுமாம். காகிதங்கள் சுத்தம், ஸ்பிரிங் உறுதி, சாமி அலமாரி உண்டு என்றெல்லாம் இருந்தது. கடைசி வரி: 'உரிமையாளர் ஒரே ஓர் இரவு மட்டும் உறங்கியது.'

'உரிமையாளர்' என்பதை அடித்துவிட்டு, 'உரிமையாளரின் மனைவி' என்று எழுதி அனுப்பினேன்.