தரையில் உட்காரும் பயிற்சி

பட்டாளத்தில் இருபத்திரண்டு வருஷம் எத்தனையோ பயிற்சி எடுத்தவன் நான். ஒன்றிலும் தோற்றதில்லை. ராஜபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்த பயிற்சியில்தான் முதல் நாளே தோற்றேன். வீடில்லாமல் தெருவில் தங்கியிருப்பவர்களிடம் எப்படிப் பேசுவது, ஆஸ்பத்திரிக்கோ விடுதிக்கோ எப்படி அழைத்து வருவது என்று தொண்டர்களுக்குச் சொல்லித்தரும் பயிற்சி அது. ஓய்வுபெற்று வீட்டில் இருந்தவனை, "எங்கயாச்சும் போயி உத்தரவு போட்டுட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தவள் என் மனைவி.

சொல்லித்தந்தவர் மதுரையிலிருந்து வந்த ஒரு பெண். என் மகள் வயதுதான் இருக்கும். "மொத சந்திப்புல ஊரு கேக்காதீங்க சார். நின்னுக்கிட்டுப் பேசாதீங்க. அவங்க தரையில இருந்தா நீங்களும் தரையில உக்காருங்க" என்றார். இதற்கெல்லாமா ஒரு பயிற்சி என்று நினைத்துக்கொண்டேன். ஒத்திகையில் செட்டியார்பட்டி ஆட்டோக்காரர் ஒருவர் வீடற்றவராக நடித்தார். நான் அவர் முன்னால் போய் விறைப்பாக நின்று, "எந்த ஊரு?" என்றேன்.

"மறுபடியும் சார்" என்றார் அந்தப் பெண்.

இந்த முறை "சாப்ட்டாச்சா?" என்று ஆரம்பித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அந்த உற்சாகத்தில், "வீட்டுல யாரெல்லாம் இருக்காக?" என்றும் கேட்டுத் தொலைத்தேன். கூடமே சிரித்தது. ஆட்டோக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "இவருகூட நான் வரல" என்று டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்.

என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, அங்கே நமக்குத் தெரிந்த நாலு பேரைச் சொல்லி, அஞ்சாவது நிமிஷம் ஆளை மாமனோ மச்சானோ ஆக்கிவிடுவோம். அதைத்தான் அன்பு என்று நினைத்திருந்தேன். "தெருவக் கேட்டா மத்ததெல்லாம் தெரிஞ்சிருமே சார். அதுக்குப் பயந்துதான் பாதிப் பேரு வாயே தொறக்குறதில்ல" என்றார் அந்தப் பெண். எனக்குச் சுருக்கென்றது.

நேரடிப் பயிற்சிக்கு எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டை ஒதுக்கினார்கள். அங்கே ஒரு தூணோரம் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் இருந்தார். வலது காலில் புண், மேலே அழுக்குத் துணி. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று, பார்த்துவிட்டு வந்த நர்ஸம்மா சொல்லியிருந்தார். ஆனால் யார் போய்ப் பேசினாலும் அவர் நொண்டிக்கொண்டே அடுத்த தூணுக்குப் போய்விடுவார். பேசப் போனவர்கள் எல்லோரும் எங்கள் பக்கத்து ஆட்கள். என்ன கேட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இப்போது அவர் இருந்தது கடைசித் தூண். இன்னொரு முறை விரட்டினால் ஏதாவது பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். அப்புறம் அந்தக் காலை யார் பார்ப்பது?

பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தேன். முழங்கால் இரண்டும் படபடவென்று வெடித்தன. டீ வாங்கி வைத்திருந்தேன், ஒன்றை நீட்டினேன். பேசாமல் குடித்தார். நானும் பேசவில்லை. கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் மூன்று போயின. எந்த ஊரு என்ற அந்தக் கேள்வி பத்துத் தடவை தொண்டை வரை வந்தது. பத்துத் தடவையும் விழுங்கினேன். ஒரு மணி நேரம் கழித்து, இன்றைக்கு இது போதும் என்று எழப்பார்த்தேன். முடியவில்லை. தூணைப் பிடித்தேன், வழுக்கியது.

"அண்ணாச்சி, எந்திரிக்க முடியலையோ?" என்றார் அவர்.

"முடியுது, முடியுது."

"எங்க முடியுது?" என்று சொல்லி, நல்ல காலை ஊன்றி எழுந்து கை கொடுத்தார். நான் இழுத்த இழுப்பில் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். "ராஜபாளையம் ஏறுறவுக ஏறுங்க, உக்காந்தே இருந்தா எப்புடி?" என்று கண்டக்டர் எங்களைப் பார்த்துக் கத்தினார்.

"இத ஆஸ்பத்திரில காட்டலையா?" என்று என் முழங்காலைக் காட்டிக் கேட்டார் கூட விழுந்தவர்.

"ஆபரேஷன்னு சொல்லிருவாகளோன்னு பயமா இருக்கு." மனைவியிடம்கூடச் சொல்லாததை எப்படி அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை.

அவர் சிரித்துவிட்டார். "எனக்குந்தான். நீங்க காட்டுனா நானும் வாரேன்."

மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் சீட்டுப் போடும் ஜன்னலில் நின்றோம். பேரை எழுதிக்கொண்டு, "ஊரு?" என்றார் உள்ளே இருந்தவர். என்னோடு வந்தவர் தலை குனிந்தது. நல்ல கால் வாசல் பக்கம் திரும்பியது. எனக்கு அந்தப் பதிலைக் கேட்க அவ்வளவு ஆசை. ஆனால் தலையை ஜன்னலுக்குள் நீட்டி, என் சீட்டுக்குச் சொன்ன என் வீட்டுக் கதவு எண்ணையும் தெருவையுமே அவருக்கும் சொன்னேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே அட்ரஸா? இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

நான் யோசிப்பதற்குள் அவர் சொன்னார்: "அண்ணாச்சி எனக்கு."

வாசல் பக்கம் போன கால் திரும்பி வந்தது. பாதத்தை எடுக்க வேண்டாம், தினமும் வந்து கட்டுப் போட்டால் போதும் என்றார் டாக்டர். என்னிடம், ஆபரேஷன் வேண்டாம், ஆனால் இனிமேல் தரையில் உட்காரக் கூடாது என்றார்.

அவர் இப்போது விடுதியில் இருக்கிறார். தினமும் போகிறேன். நான் வருவது தெரிந்தால் இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டுவிடுவார். போன வாரம் மனைவி கேட்டாள்: "இம்புட்டு நாளாப் போயிப் பேசுறீகளே, அவிய எந்த ஊரு?"

"கேக்கல" என்றேன்.

அவள் கிட்டே வந்து, என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.