ஏழடிக் கடைக்குப் பதினாலடிப் பலகை

வீரலட்சுமிக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு பேராசைதான் இருந்தது. நகை இல்லை, பட்டு இல்லை. தன் பெயரைத் தெருவுக்கு எதிர்ப்புறம் நின்று, கண்ணாடி போடாமல், ஒரு முறையாவது வாசித்துவிட வேண்டும்.

சிரிக்காதீர்கள். போடியில் ஓர் ஏலக்காய் குடோனில் இருபத்து நான்கு வருடம் தரையில் உட்கார்ந்து காய் பொறுக்கியவள் அவள். அங்கே அவளுக்குப் பெயர் 'மூணாவது வரிசை அக்கா'. ரேஷன் கார்டில் பெயர் உண்டு. அதை வாசிக்க வெயிலுக்குக் கொண்டுபோய் நீட்டிப் பிடிக்க வேண்டும். ஆனால் கண் மட்டும் ஏலக்காயிடம் தோற்றதில்லை. காய் உள்ளங்கையில் விழுந்ததுமே இது எட்டு எம்.எம்., இது ஏழு, இது ஆறு என்று சல்லடைக்கு முன்பே சொல்லிவிடுவாள். அந்த உலகத்தில் எட்டு எம்.எம். காய்க்குத்தான் ராஜ மரியாதை. ஆறு எம்.எம். மூலைச் சாக்கில் கிடக்கும்.

போன தை மாதம் துணிந்து சொந்தமாக ஓர் ஏலக்காய்க் கடை பிடித்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துத் தெருவில், ஏழடி அகலம். அவளோடு காய் பொறுக்கிய ஏழு பெண்களும், "போர்டு எங்க சோலி, நீ வாயத் தொறக்கப்படாது" என்று சொல்லிவிட்டு பிளெக்ஸ் கடைக்குப் படையெடுத்தார்கள்.

இடப்பக்கம் கடைப் பெயர், வலப்பக்கம் வாழ்த்தும் தோழிகளின் படம். அவ்வளவுதான் திட்டம். பிளெக்ஸ்காரர் கம்ப்யூட்டரில் ஏழு முகங்களையும் அழகாக அடுக்கிக் காட்டினார். முன்வரிசைப் பொன்னுமணி பார்த்தாள்.

"ஏப்பா, என்னைய என்ன ஆறு எம்.எம்.முன்னு நெனச்சியா? பெருசு பண்ணு."

பண்ணினார். உடனே சோலையம்மாளுக்கு முகம் சிவந்தது. "அவ மூஞ்சி எட்டு, எம் மூஞ்சி மட்டும் ஏழா?"

கடைசியில் முகத்துக்கு ஓரடி என்று தீர்ப்பாயிற்று. ஏழு முகம், ஏழடி. பெயரும் சளைக்காமல் ஏழடி. கடை எத்தனை அடி என்று யாருக்கும் தோன்றவில்லை. காய் பொறுக்குகிறவர்களுக்குப் பெரியது என்றால் நல்லது. அது இடத்துக்குள் அடங்குமா என்பது சாக்குத் தைக்கிறவர் கவலை.

பலகை ஏறிய காலையில் வீரலட்சுமி எதிர்ப்புறம் போய் நின்றாள். 'வீரலட்சுமி ஏலக்காய்க் கடை'. கண்ணாடி இல்லாமல் வாசித்தாள். மறுபடி வாசித்தாள். கண்ணீர் மறைத்ததால் மூன்றாவது முறை வாசிக்க முடியவில்லை. பின்னால் வந்த லோடு வண்டி ஹாரன் அடித்து அவளைத் தரைக்குக் கொண்டுவந்தது.

பலகையின் மறுபாதியில் ஏழு தோழிகளும் பக்கத்து சலூனின் தலையில் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சலூன்காரர் மொக்கச்சாமி நல்ல மனிதர். பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் தலையைச் சொறிந்தபடி வந்தார்.

"மதினி, எங்கிட்ட வர்றவன் எல்லாம் காக்கிலோ ஏலக்கா கேக்குறான். நான் கத்திரியோட முழிக்கிறேன். நகராட்சிக்கு ஒரு பெட்டிசன் போட்டிருக்கேன். கோவிச்சுக்காதீக."

"போட்டதப் போட்டுட்டு என்னண்ணே கோவிச்சுக்காதீகன்னுக்கிட்டு?"

நோட்டீஸ் வந்தது. முன்பலகை கடையின் அகலத்தைத் தாண்டக் கூடாது. வெள்ளிக்கிழமைக்குள் அனுமதி பெறாவிட்டால் அகற்றப்படும்.

கணவன் தவசி போடிமெட்டுக்கு ஜீப் ஓட்டுகிறவன். பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் யோசிக்காமல் ஸ்டியரிங்கைத் திருப்புகிறவன். இதற்கும் யோசிக்கவில்லை. "மூஞ்சிகள வெட்டி விட்ரு. ஓம் பேரு நிக்கும். சோலி முடிஞ்சது."

அன்றைக்கு அவனுக்கு ரசத்தில் உப்பு விழவில்லை. மூத்த மகள் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு நாளும் வீரலட்சுமியின் கூடையையும் சேர்த்துப் பொறுக்கியவை அந்த ஏழு ஜோடிக் கைகள். அந்த முகங்களை வெட்டுவதா?

நகராட்சியில் பவதாரணி என்ற இளம் அலுவலர் படிவத்தை நீட்டினாள்.

"அகலத்தத் தாண்டுறதுக்குக் காரணம் எழுதணும்மா."

"எழுதிக்க தாயி. ஏழு பேரு. ஒருத்திகூடச் சின்னக் காய் இல்ல."

பவதாரணியின் பேனா நின்றது. "இது காரணத்துல வராதும்மா."

"எனக்கு வேற காரணம் இல்லையே தாயி."

எழுதிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை டேப்போடு நேரில் வந்தாள். சேதி எட்டி, ஏழு தோழிகளும் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டுக் கடை முன்னால் நின்றார்கள்.

"அளக்கவே வேணாம் தாயி. பதினாலடி, ஓரத்துல ரெண்டு இஞ்சு" என்றாள் வீரலட்சுமி.

டேப்பும் அதையே சொன்னது. பவதாரணி உதட்டைப் பிதுக்கினாள். "ஏழடிக்கு மேல ஒரு இஞ்சுகூட முடியாதும்மா. எதையாவது எடுத்துத்தான் ஆகணும்."

தோழிகள் தியாகத்துக்குத் தயாரானார்கள். அவரவர் தியாகத்துக்கு அல்ல.

"சோலையம்மாள எடுத்துருவோம். அவதான் படத்துல கண்ண மூடியிருக்கா" என்றாள் பொன்னுமணி.

"ஓம் மூக்குத்திக்கே அரையடி போகுது. நீ எறங்குடி மொதல்ல!"

வீரலட்சுமி எதிர்ப்புறம் போய் நின்றாள். தன் பெயரைக் கடைசியாக ஒரு முறை, எழுத்து எழுத்தாக, வாசித்தாள். பிறகு தெருவைத் தாண்டி வந்தாள்.

"நடுவுல அறுத்துருங்க. பேர உள்ள மாட்டிக்கிறேன். இவளுக வெளியில இருக்கட்டும்."

சலூனுக்குள் கத்திரிச் சத்தம்கூட நின்றது. சோலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். படத்தில் மூடியிருந்த கண் இப்போது நிஜத்திலும் மூடி, ஒழுகியது.

சட்டம் மட்டும் அழவில்லை. "கடைப் பேரு இல்லாம முன்பலகை வைக்க முடியாதும்மா" என்றாள் பவதாரணி, வருத்தமாகவே.

"பேரு இருக்கே. மூஞ்சிகளுக்குக் கீழ ஒரு வரி பாரு தாயி."

பவதாரணி ஸ்டூல் வாங்கி ஏறினாள். ஏழு தாடைகளுக்கும் கீழே, அரையங்குல எழுத்தில், பிளெக்ஸ்காரர் வழக்கம்போலப் போட்ட வரி இருந்தது: 'வீரலட்சுமி ஏலக்காய்க் கடை சிறக்க வாழ்த்தும் அன்புத் தோழிகள்'.

"இவ்வளவு பொடிசா இருக்கே!"

"இத்தன பொடிசா இருக்கப்படாதுன்னு சட்டத்துல இருக்கா?"

பவதாரணி காகிதங்களைப் புரட்டினாள். பெரிதாகக் கூடாது என்று இருந்தது. சிறிதாகக் கூடாது என்று எங்கும் இல்லை. ஸ்டூலில் நின்றபடியே சிரித்துவிட்டாள். அடுத்த புதன்கிழமை ஏழடிக்கு அனுமதி வந்தது.

இப்போது ஊரில் அதற்கு 'ஏழு பொம்பள கடை' என்றுதான் பெயர். போன வாரம் ராசிங்காபுரத்திலிருந்து ஒருவர் வந்து பலகையை அண்ணாந்து பார்த்தார்.

"இதுல வீரலட்சுமிங்கிறது யாரு ஆத்தா?"

"நாந்தேன். என்ன வேணும்?" என்றாள், சும்மா வந்து உட்கார்ந்திருந்த பொன்னுமணி, கூசாமல்.

உள்ளே இருந்தவள் எட்டு எம்.எம்.மில் நூறு கிராம் அள்ளித் தராசில் போட்டாள். எதிர்ச்சுவர் முழுக்க, ஏழடி நீளத்துக்கு, அவள் பெயர் தொங்கிக்கொண்டிருந்தது. கண்ணாடி மேசை டிராயரில் கிடந்தது.